எதிர்ப்பக்கத்து நாற்காலி

ஓரகத்தியோடு ஒரே வீட்டில் குடியிருப்பதே பெரிய தவம். நான் அவளோடு ஒரே இடத்தில் வேலையும் பார்க்கிறேன். வீட்டில் மாடி அவளுக்கு, கீழ்த்தளம் எனக்கு. பயறு ஆராய்ச்சி நிலையத்தில் ஆய்வகம் அவளுக்கு, வயல் எனக்கு. ஆக, எங்கே போனாலும் நிழல் அவள் பக்கம், வெயில் என் பக்கம். காலையில் இருவரும் என் ஸ்கூட்டரில்தான் கிளம்புவோம். ஓட்டுவது நான். பின்னால் உட்கார்ந்து காற்று வாங்குவது அவள்.

இதில் கொடுமை, அவளை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்ததே நான்தான். அவர்களுக்குக் கல்யாணமான புதிதில் என் கொழுந்தன் வந்து, மரபணுப் படிப்புப் படித்துவிட்டு வீட்டில் சும்மா இருக்கிறாளே அண்ணி, உங்கள் இடத்தில் ஏதாவது கிடைக்குமா என்று கேட்டான். நானும் பெரிய மனசு பண்ணி இயக்குநர் காதில் போட்டேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் என்னவென்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

எங்கள் தொழிலுக்கு ஒரே எதிரி மஞ்சள் தேமல். அது ஒரு வைரஸ். வெள்ளை ஈ ஒரு செடியில் உறிஞ்சிவிட்டு அடுத்த செடியில் உட்கார்ந்தால் போதும், இலையில் மஞ்சள் திட்டு விழும். திட்டு பரவும். அப்புறம் காய் வைக்காது, வைத்தாலும் உள்ளே பயறு இருக்காது. மருந்தடித்து ஈயை விரட்டலாம், எத்தனை நாள் விரட்டுவது? நோயைத் தாங்குகிற செடியை உண்டாக்குவதுதான் ஒரே வழி. அந்த வேலையைத்தான் கல்லூரியை விட்டு வந்த நாளிலிருந்து பார்க்கிறேன்.

என் வழி பழையது, ஆனால் ஏமாற்றாது. நோய் கட்டாயம் பிடிக்கும் என்று தெரிந்த ஒரு ரகத்தை வயலில் சில வரிசைகளுக்கு ஒரு வரிசை வேண்டுமென்றே நடுவேன். அந்த வரிசைக்கு நாங்கள் வைத்த பெயர் பலிகடா. ஈக்கள் அங்கே குடித்தனம் நடத்திப் பெருகும், பக்கத்தில் இருக்கிற எல்லாச் செடிக்கும் நோயைக் கொண்டுபோகும். அவ்வளவு நோய்க்கு நடுவிலும் பச்சையாக நிற்கிற செடி எதுவோ அதுதான் நமக்கு வேண்டியது. பருவம் முழுக்கக் குனிந்து பார்க்க வேண்டும். என் பிடரியின் நிறத்தைப் பார்த்தாலே எத்தனை பருவம் என்று சொல்லிவிடலாம்.

அவள் வந்தாள், பாட்டு மாறியது. நாற்று இரண்டு இலை விட்டதுமே பொட்டு அளவுக்கு இலையை வெட்டி எடுத்துக்கொள்வாள். நோயைத் தாங்கும் மரபணுவை ஒட்டியே ஓர் அடையாளம் இருக்கும், தாய்க்குப் பின்னால் சேலையைப் பிடித்துக்கொண்டு வரும் பிள்ளையைப்போல. பிள்ளை தெரிந்தால் தாயும் அங்கேதான் இருப்பாள். மார்க்கர் என்பார்கள். இலையிலிருந்து மரபணுவைப் பிரித்து ஜெல்லில் ஓடவிட்டு விளக்கில் வைத்தால், அடையாளம் உள்ள நாற்றுக்கு ஒரு பட்டை தெரியும். பட்டை இருந்தால் வயலுக்கு, இல்லாவிட்டால் குப்பைக் குழிக்கு. நான் ஒரு பருவம் வெயிலில் வெந்து சொல்வதை அவள் அந்த வாரமே ஏசி அறையில் உட்கார்ந்து சொல்லிவிடுவாள். சொல்வது தப்பாகவாவது இருந்து தொலையுமா? சின்னதாகச் செய்து பார்த்த முறையெல்லாம் சரியாகவே இருந்தது. என் வயிற்றெரிச்சலே அதில்தான்.

வீட்டிலும் அதே கதைதான். ஒருநாள் சாப்பிடும்போது என் மாமியார், சின்னவள் செடியின் வயிற்றுக்குள் இருப்பதையே பார்க்கிறாளாமே என்று வாய் பிளந்தார். நீ என்னம்மா பார்க்கிறாய் என்று என்னிடம் கேட்டார். இலை, அத்தை என்றேன். "ஓ" என்றார். அந்த ஒரு எழுத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

அவளுடைய வேலை ஒப்பந்த வேலை. அதை நிரந்தரமாக்குவதா இல்லையா என்று இந்தப் பருவத்தில் முடிவு செய்வதாக இயக்குநர் சொல்லியிருந்தார். என்னிடம் நல்ல விளைச்சல் தரும் ரகம் ஒன்று இருந்தது. பயறு பெரிதாக இருப்பதால் குண்டு என்று கூப்பிடுவோம். குண்டுக்கு எல்லாம் இருந்தது, நோய் தாங்கும் சக்திதான் இல்லை. விளைச்சல் ஒன்றும் சொல்லும்படி இல்லாத, ஆனால் எந்த நோய்க்கும் அசையாத முரடன் என்ற ரகத்தோடு நான் அதைக் கலந்தேன். மொட்டு மொட்டாக இடுக்கியால் பிரித்து என் கையால் சேர்த்த கலப்பு அது. கிடைத்ததை மறுபடி குண்டோடு கலந்தேன். இப்போது வந்திருக்கும் நாற்றுகளில் ஏறக்குறையப் பாதிக்கு முரடனின் சக்தி இருக்கும், மீதிக்கு இருக்காது. எது எது என்று மார்க்கர் பார்த்து அவள் பிரிக்க வேண்டும். அவள் பிரித்த நாற்றுகள் என் பலிகடாக்களுக்கு நடுவே பச்சையாக நின்றால் அவள் வேலை நிரந்தரம். மஞ்சளானால் ஒப்பந்தம் அதோடு முடியும்.

மஞ்சளாக வேண்டும் என்றுதான் நான் நினைத்தேன். மறைத்து என்ன ஆகப்போகிறது? அது என் சொந்தக் கலப்பு, அது தோற்றால் என் உழைப்பும்தான் போகும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. பொறாமைக்குக் கணக்குப் பாடம் வராது.

இலை வெட்டும் நாளன்று அவளுக்குக் கை போதவில்லை என்று என்னை ஆய்வகத்துக்கு வரச் சொன்னார்கள். நாற்றுத் தட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். எட்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு நாற்று. ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பிளாஸ்டிக் பட்டி செருகியிருந்தேன். மேசைமேல் அவள் வைத்திருந்ததும் அதே அமைப்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தட்டுதான், நாற்றுக்குப் பதில் குட்டிக் குட்டிக் குழிகள். முதல் நாற்றின் இலை முதல் குழியில், இரண்டாவது இரண்டாவதில், இப்படியே கடைசி வரைக்கும். இதற்கு ஒரு படிப்பா என்று நினைத்துக்கொண்டேன்.

மேசையின் ஒரே பக்கத்தில் இரண்டு நாற்காலிகள் ஒட்டிப் போடப்பட்டிருந்தன. அவளுடைய வெள்ளைக் கோட்டுக்குப் பக்கத்தில் என் சேற்றுக் கால்களோடு உட்கார எனக்கு மனம் வரவில்லை. என் நாற்காலியை இழுத்து எதிர்ப்பக்கம் போட்டுக்கொண்டேன். நாற்றுத் தட்டை என் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டேன். அவள் ஏதோ மூலை, வெட்டு என்று ஆரம்பித்தாள்.

"இலையைப் பத்தி நீ எனக்குச் சொல்லிக் குடுக்காதே" என்றேன்.

அந்த நேரம் பார்த்து இயக்குநர் நாலைந்து விருந்தினர்களோடு வந்து, இயந்திரங்களை எல்லாம் காட்டி விளக்கச் சொல்லி அவளை அழைத்துப் போனார். அவர்களில் ஒருவர் என்னைப் பார்த்து, இவங்க உங்க உதவியாளரா என்று அவளிடம் கேட்டார். இல்லை, எங்கள் வீட்டு மூத்தவர், இந்தக் கலப்பே இவருடையதுதான் என்று அவள் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டு மறுபடி இயந்திரத்தைப் பார்க்கப் போய்விட்டார். நான் இலையில் துளைபோட்டு வெட்டும் கருவியை அன்று அழுத்திய அழுத்தலில் மேசையே துளைபட்டிருக்க வேண்டும். அவள் திரும்பி வருவதற்குள் எல்லாக் குழியையும் நிரப்பி, தட்டை மூடி, கையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

அந்த வாரமே முடிவு வந்தது. பட்டை உள்ளவை பாதி, இல்லாதவை பாதி. உள்ளவற்றை வயலில் நடச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். இல்லாதவற்றைக் குழியில் போட்டு மூட வேண்டும் என்பது நிலையத்தின் விதி. நான் மூடவில்லை. வயலின் கோடியில், பலிகடா வரிசையை ஒட்டி, அவற்றையும் நட்டேன். பட்டியோடுதான் நட்டேன், எண் இல்லாமல் ஒரு செடியை மண்ணில் வைக்க என் கை ஒத்துக்கொள்ளாது. அவள் குப்பை என்று கழித்ததில் ஒரு செடியாவது பச்சையாக நிற்காதா, அதைக் கொண்டுபோய் இயக்குநர் கண்முன் காட்ட மாட்டேனா என்பதுதான் நோக்கம். கெடுவான் கேடு நினைப்பான் என்று சும்மாவா சொன்னார்கள்.

அதன்பிறகு நான் வயலுக்குப் போன வேகத்தைப் பார்த்து என் கணவர், செடியைப் பார்க்கப் போகிறாயா, அவள் குடியைக் கெடுக்கப் போகிறாயா என்று கேட்டார். இரண்டும் ஒன்றுதான் என்றேன். அவர் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்.

ஈ பெருகியது. பலிகடா மஞ்சளாகி, சுருண்டு, பரிதாபமாக நின்றது. அவள் தேர்ந்தெடுத்த செடிகளில் ஒன்றில் ஒரு காலை மஞ்சள் பொட்டைப் பார்த்தேன். பக்கத்தில் இன்னொன்று. ஏறக்குறையப் பாதிச் செடி மஞ்சளாகும் வரை யாரிடமும் மூச்சு விடவில்லை. வயலின் கோடிக்குப் போனால், பழம் நழுவிப் பாலில் விழுந்திருந்தது. குப்பை என்று கழித்தவற்றில் பாதி கிளிப்பச்சையாக நின்றன.

இயக்குநர் செடிகளைப் பார்வையிட வந்த அன்று அவளும் கூட வந்தாள், வெள்ளைக் கோட்டு இல்லாமல், என் பழைய தொப்பியைப் போட்டுக்கொண்டு. முதலில் அவள் தேர்ந்தெடுத்தவற்றைக் காட்டினேன். இயக்குநர் வரிசையை இரண்டு முறை நடந்து பார்த்தார். அப்புறம் அவள் கழித்தவற்றையும் பாருங்கள் சார் என்று கோடிக்கு அழைத்துப் போனேன். முகத்தை வருத்தமாக வைத்துக்கொள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"பாதிக்குப் பாதின்னா, காசைச் சுண்டிப் பாத்தே சொல்லியிருக்கலாமேம்மா. இதுக்கு எதுக்கு ஒரு ஆய்வகம்?" என்றார் அவர், அவளிடம்.

அவள் முகத்தில் ஈயாடவில்லை, சுற்றிலும் அத்தனை வெள்ளை ஈ இருந்தும். எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. இனிமேல் ஸ்கூட்டரில் தனியாகப் போகலாம், பின்னால் கனம் இருக்காது என்றுகூட யோசித்துவிட்டேன்.

அவள் பச்சைச் செடி ஒன்றின் முன்னால் உட்கார்ந்தாள். பட்டியைத் துடைத்து எண்ணைப் பார்த்தாள். அடுத்ததைப் பார்த்தாள். எண் மாறாமல்தான் நட்டீர்களா என்று என்னைக் கேட்டாள்.

"வயல்ல நம்பர் மாத்தி நட்டு எனக்குப் பழக்கமில்ல" என்றேன்.

அவள் கைப்பேசியில் ஜெல்லின் படத்தை எடுத்தாள். பச்சையாக இருக்கிற செடிகளின் எண்ணை மட்டும் சத்தமாகப் படிக்கச் சொன்னாள். இயக்குநர் பார்த்துக்கொண்டிருந்ததால் படித்தேன்.

"மூணு."

"தொண்ணூத்தி நாலு. பட்டை இருக்கு" என்றாள்.

என்ன உளறுகிறாள் என்று நினைத்தேன். "ஏழு" என்றேன்.

"தொண்ணூறு. இருக்கு."

"பதினொண்ணு."

"எம்பத்தாறு. இருக்கு."

கோடியில் இருந்த பச்சை எல்லாம் முடிந்தது. பிறகு அவள் தேர்ந்தெடுத்த வரிசைக்கு வந்து மஞ்சளைப் படிக்கச் சொன்னாள். எட்டு என்றால் எண்பத்தொன்பதைப் பார்த்தாள், பட்டை இல்லை. ஒரு செடிகூடத் தப்பவில்லை. படத்தைக் கடைசியிலிருந்து முன்னோக்கி எண்ணிக்கொண்டே வந்தாள், ஒவ்வொரு பச்சைக்கும் பட்டை இருந்தது, ஒவ்வொரு மஞ்சளுக்கும் பட்டை இல்லை.

"சார், மார்க்கர் ஒரு தப்பும் பண்ணல. தட்டு திரும்பியிருக்கு. முதல் நாத்தோட இலை கடைசிக் குழியில விழுந்திருக்கு" என்றாள்.

எனக்கு அந்த மேசை ஞாபகம் வந்தது. நாற்றுத் தட்டை என் பக்கம் திருப்பியிருந்தேன், குழித் தட்டு அவள் பக்கம் பார்த்தே இருந்தது. நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு இடதுகைப் பக்க மூலை அவளுக்கு வலதுகைப் பக்க மூலை. எனக்கு ஆரம்பம் அவளுக்கு முடிவு. அவள் சொல்ல வந்த மூலை, சொல்ல வந்த வெட்டு, எல்லாம் இப்போது புரிந்தது. திசை தெரிவதற்காகத் தட்டின் ஒரு மூலையை வெட்டியிருப்பார்களே, அதைத்தான் அவள் சொல்ல வந்திருக்கிறாள்.

இயக்குநர் தட்டை நிரப்பியது யார் என்று கேட்டார்.

அவள் என்னை ஒரு முறை பார்த்தாள். ஒரே ஒரு முறைதான். "என் தட்டு சார். மூடறதுக்கு முன்னாடி நான்தான் சரிபாத்திருக்கணும்" என்றாள்.

அவர் பொரிந்து தள்ளினார். கழித்த நாற்றுகள் குழிக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும், கலப்பில் பாதி மண்ணோடு போயிருக்காதா, இவ்வளவு கவனக்குறைவான ஆளை நம்பி எப்படி நிரந்தரமாக வைத்துக்கொள்வது என்று அடுக்கினார். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டே நின்றாள். நான் வாயைத் திறக்காவிட்டால் அவளுடைய வேலை அந்த வரப்பிலேயே போய்விடும். எதை நினைத்து இவ்வளவும் செய்தேனோ அது கைக்கு எட்டிவிட்டது.

ஆனால் என் வயிறு அதுவரை எரிந்ததெல்லாம் எரிச்சலே இல்லை, இப்போது எரிந்ததுதான் எரிச்சல். படிப்பு அவளுக்கு, நிழல் அவளுக்கு, மாமியார் அவளுக்கு. போகட்டும். கடைசியில் நல்லவள் என்ற பட்டமும் அவளுக்கேவா? அவள் வேலையை இழந்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து, எனக்காக என்று ஒரு வார்த்தை சொல்லாமல், எனக்குச் சாப்பாடு பரிமாறுவாள். நான் அவள் மன்னிப்பைச் சாப்பிட்டுக்கொண்டு மிச்ச காலத்தைத் தள்ள வேண்டும். அந்தப் பெருமையை அவளுக்கு விட்டுக்கொடுக்க நான் என்ன இளிச்சவாயா?

"தட்டுல இலை போட்டது நான் சார். எதிர்ப்பக்கம் உக்காந்து போட்டேன். அவ சொல்ல வந்தா, நான் கேக்கல" என்றேன்.

அவர் எதற்கு எதிர்ப்பக்கம் என்று கேட்டார். அவள் பக்கத்தில் உட்காரப் பிடிக்கவில்லை என்றேன். அப்படியென்றால் கழித்த நாற்றுகளை எதற்காக நட்டீர்கள் என்று கேட்டார்.

"அவ தோக்கணும்னு."

காற்றில் பலிகடா வரிசை சலசலத்தது. இயக்குநர் என்னைப் பார்த்தார், பச்சைச் செடிகளைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். விதியை மீறி நட்டதற்குத் திட்டுவதா, நட்டதால் கலப்பு பிழைத்ததற்குக் கை கொடுப்பதா என்று தனக்கே தெரியவில்லை என்றார். இரண்டையும் செய்யவில்லை. அவளுடைய வேலையை நிரந்தரமாக்க அன்றே எழுதுவதாகச் சொன்னார். இந்த ரகம் வெளியாகும்போது முதல் பெயர் அவளுடையதாக இருக்கும், என் பெயர் அதற்கடுத்து வரும் என்றும் சொன்னார். என் கையால் மொட்டு பிரித்த கலப்பு அது. இதுவரை எந்த ரகத்திலும் என் பெயர் இரண்டாவதாக வந்ததில்லை. சரி சார் என்றேன்.

மாலையில் வழக்கம்போல ஸ்கூட்டரில் கிளம்பினோம். அவள் பின்னால் உட்கார்ந்திருந்தாள். வாசல் தாண்டி, கடைத்தெரு தாண்டி, சிவப்பு விளக்கில் நின்றோம். எனக்கு நன்றி சொல்லித் தொலைக்கப்போகிறாளே என்று பயமாக இருந்தது.

"அக்கா, நான் பழியை ஏத்துக்கிட்டது நல்ல மனசுனால இல்ல" என்றாள் காதருகில். "நீங்கதான்னு நான் சொல்லியிருந்தா சண்டைக்கு வந்திருப்பீங்க, ஒத்துக்கவே மாட்டீங்க. நான் நல்ல பேரு வாங்கிட்டா மட்டும் உங்களால பொறுக்க முடியாதுன்னு தெரியும்."

நான் திரும்பிப் பார்த்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு, நின்றிருந்த வண்டிகளைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தாள்.

"நான் பேசாம இருந்திருந்தா?"

"அவர் நிரந்தரமில்லன்னு கையெழுத்து போடப்போற வரைக்கும் பொறுப்பேன். அப்புறம் நானே சொல்லிடுவேன். எனக்கென்ன பைத்தியமா?"

பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. விளக்கு எப்போது பச்சையானது என்று தெரியவில்லை. செடியின் வயிற்றுக்குள் இருப்பதைப் பார்க்கிறாள் என்று மாமியார் சொன்னபோது நான் இலையைப் பற்றித்தான் நினைத்தேன். என் வயிற்றுக்குள் எரிவதையும் இவள் ஜெல் இல்லாமலே படித்துவிட்டாள். இந்தச் சாமர்த்தியம் எனக்கு ஏன் இல்லை என்று புதிதாக ஒரு பொறாமை அங்கேயே, அந்தச் சாலை நடுவிலேயே ஆரம்பித்தது.

வண்டியைக் கிளப்பினேன். அடுத்த தட்டுக்கு எந்தப் பக்கம் உட்காரப்போகிறீர்கள் என்று அவள் கேட்டாள்.

"உன் பக்கத்துலதான்" என்றேன். "உன்னையெல்லாம் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாக்கணும்."